நாணயத்தளவு வட்டம்

மெரினாவிலோ ஊர்த் திருவிழாவிலோ பலூன் சுட்டிருப்பீர்கள். கடைக்காரர் துப்பாக்கியை முழங்காலில் வைத்து இரண்டாக மடிப்பார். குழலின் பின்வாயில் மிளகளவு ஈயக் குண்டு ஒன்றைச் செருகுவார். 'டக்'கென்று நிமிர்த்தி நம் கையில் கொடுப்பார். சிவப்பு பலூனைக் குறி பார்த்தால் பக்கத்து மஞ்சள் பலூன் வெடிக்கும். வேண்டுமென்றே குறியைக் கோணலாக்கி வைத்திருக்கிறார் என்று அவரைத் திட்டிக்கொண்டே நகர்வோம். பாதிப் பழிதான் அவருக்குச் சேரும். மீதி, அந்தத் துப்பாக்கிக்குள் நடக்கும் இயற்பியலுக்கும் அதை நாம் இறுக்கிப் பிடித்த பிடிக்கும் சேர வேண்டியது.

அதே மடக்குத் துப்பாக்கியின் நெருங்கிய உறவுகளை வைத்துக்கொண்டுதான் இங்கிலாந்தில் பண்ணைக்காரர்களும் ஓய்வுநேர வேட்டைக்காரர்களும் முயல், மரப்புறா, எலி, சாம்பல் அணில் இவற்றைக் கட்டுப்படுத்துகிறார்கள். புல்வெளியை மொட்டையடிக்கும் முயலும், கடுகு இனத்து எண்ணெய்வித்துப் பயிரில் கூட்டமாக இறங்கும் மரப்புறாவும் அங்கே விவசாயிக்குப் பெரிய தலைவலி. காற்றுத் துப்பாக்கியைப் பற்றிப் பேச இங்கிலாந்தைவிடப் பொருத்தமான நாடு இல்லை. காரணம், அங்குள்ள சட்டம்.

1969-இல் வந்த விதிப்படி, குண்டு குழலை விட்டு வெளியேறும்போது அதன் ஆற்றல் 12 அடி-பவுண்டைத் தாண்டாத காற்று ரைஃபிளுக்கு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உரிமம் தேவையில்லை; வாங்குபவருக்கு 18 வயது ஆகியிருந்தால் போதும். ஸ்காட்லாந்தில் மட்டும் 2016 கடைசி நாளிலிருந்து அதற்கும் உரிமம் வேண்டும். 12 அடி-பவுண்டு என்பது நம் கணக்கில் ஏறத்தாழ 16.3 ஜூல். ஒரு கிலோ தேங்காய் ஆள் உயரத்திலிருந்து தரையில் விழும்போது எவ்வளவு ஆற்றலோ அவ்வளவுதான். சாதாரண 0.22 வெடிமருந்துத் தோட்டாவின் ஆற்றல் இதைப்போல் சுமார் பத்து மடங்கு.

ஆக, அங்கே உரிமமின்றிக் கடைக்குப் போகிறவர் கூடுதல் காசு கொடுத்துக் கூடுதல் பலம் வாங்க முடியாது. விலை மலிந்த துப்பாக்கிக்கும் அதைப்போல் பத்து மடங்கு விலையுள்ள துப்பாக்கிக்கும் உச்சவரம்பு ஒன்றே. அந்தக் கூடுதல் காசு எதற்குப் போகிறது? துல்லியத்துக்கு. பலம் கூட்டும் வழி அடைபட்டதால்தான் பிரிட்டிஷ் துப்பாக்கிக் கைவினைஞர்கள் துல்லியத்தில் தலையை நுழைத்தார்கள் என்பது என் கட்சி.

அமெரிக்காவில் கூட்டரசு அளவில் இப்படி ஒரு உச்சவரம்பு இல்லை. அங்கே விற்கும் மலிவுத் துப்பாக்கிகளின் அட்டைப்பெட்டியில் 'நொடிக்கு 1,400 அடி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அதை நம்பி வாங்குவது, ஸ்பீடாமீட்டரில் கடைசியாக என்ன எண் எழுதியிருக்கிறது என்று பார்த்து பைக் வாங்குவது போல. முதலாவது, அந்த வேகம் ஈயத்தைவிட லேசான உலோகக் கலவைக் குண்டைப் போட்டு எடுத்தது. இரண்டாவது, நொடிக்கு 1,400 அடி என்பது 427 மீட்டர். ஒலியின் வேகம் சுமார் 340. காற்றுத் துப்பாக்கிக் குண்டின் இடை ஒடுங்கியிருக்கும், தலை கனமாக இருக்கும், பின்பக்கம் பாவாடைபோல் விரிந்து உள்ளே கூடாக இருக்கும். ஷட்டில்காக்கைப் போல, பின்னால் இழுக்கும் காற்றே அதன் மூக்கை நேராக வைத்திருக்கிறது. குழலின் உட்புறத் திருகுவரிகள் தரும் சுழற்சியும் கைகொடுக்கிறது. ஆனால் ஒலியின் வேகத்தை நெருங்கும்போது குண்டைச் சுற்றி அதிர்வலைகள் எழுகின்றன; இழுவை எகிறுகிறது; குண்டு தள்ளாடத் தொடங்குகிறது. போதாக்குறைக்கு, சாட்டையடி போன்ற சத்தம் தோட்டம் முழுக்கக் கேட்கும். நல்ல சுடுநர்கள் நொடிக்கு 280 மீட்டருக்குக் கீழேயே நின்றுகொள்கிறார்கள்.

வேகம் முக்கியமில்லை என்றால் வேறு எது முக்கியம்? இதற்கு விடை துப்பாக்கியில் இல்லை, முயலின் தலையில் இருக்கிறது. ஒரு கிராம் ஈயம் 16 ஜூலோடு போய் உடலில் எங்கே பட்டாலும் விலங்கு விழுந்துவிடாது. பெரிய ரைஃபிளின் தோட்டா திசுக்களைக் கிழித்துப் பரப்பும் சேதத்தை இது செய்வதில்லை. தான் போகும் வழியில் ஒரு சின்னத் துளை போடும், அவ்வளவே. அந்தத் துளை மூளையில் விழுந்தால் முயலுக்குச் சத்தம்கூடக் கேட்டிருக்காது. இரண்டு விரல்கடை தள்ளி விழுந்தால் வளைக்குள் ஓடி, நாள் கணக்கில் கிடந்து சாகும். கண்ணுக்கும் காதுக்கும் இடையே அந்த இலக்கு நம் பத்து ரூபாய் நாணயத்தளவுதான் இருக்கும். நாணயத்தின் விட்டம் 27 மில்லிமீட்டர்.

எந்தத் துப்பாக்கி என்ற கேள்வியை அதனால் இப்படித் திருப்பிப் போட வேண்டும்: எந்தத் துப்பாக்கியால், எவ்வளவு தூரம் வரை, ஒவ்வொரு முறையும் அந்த நாணயத்துக்குள் நான் குண்டைப் போட முடியும்?

இனி துப்பாக்கிக்குள் போவோம். பலூன் கடைத் துப்பாக்கி ஸ்பிரிங் வகை. குழலை மடிக்கும்போது உள்ளே ஒரு தடித்த சுருள்வில் நெரிந்து, பிஸ்டனோடு பின்னால் போய்க் கொக்கியில் மாட்டிக்கொள்கிறது. விசையை இழுத்ததும் கொக்கி விடுபட, பிஸ்டன் முன்னால் பாய்ந்து எதிரே உள்ள காற்றை நசுக்குகிறது. சைக்கிள் டியூபுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுமே, அதே சூடுதான் இங்கேயும். ஆனால் சில மில்லி நொடிகளுக்குள் நடப்பதால் காற்று பல நூறு டிகிரிக்குப் போய்விடுகிறது. உள்ளே எண்ணெய் அதிகம் இருந்தால் டீசல் எஞ்சினில் போலத் தானே பற்றிக்கொண்டு புகையோடு வெடிக்கும். கார்டியூ என்ற ஆங்கிலேயத் தந்தையும் மகனும் இதைச் சோதிக்கக் காற்றுக்குப் பதில் நைட்ரஜனை நிரப்பிச் சுட்டுப் பார்த்தார்கள். பலம் வெகுவாகக் குறைந்தது. 'காற்று'த் துப்பாக்கி என்று நாம் அழைப்பதில் ஒரு சொட்டு எண்ணெயின் நெருப்பும் ஒளிந்திருக்கிறது.

பிஸ்டன் முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கிறது. காற்றறையின் முனையில் நசுங்கிய காற்றில் பிஸ்டன் முட்டி நிற்கும்போது துப்பாக்கி முன்னால் குதிக்கிறது. இந்த இரட்டைக் குலுக்கல் நடக்கும்போது குண்டு இன்னும் குழலுக்குள்ளேயே இருக்கிறது என்பதுதான் சிக்கல். கையால் இறுக்கினால் குலுக்கல் ஒரு விதம்; சுவரில் சாய்த்தால் வேறு விதம்; ஒவ்வொன்றுக்கும் குண்டு வேறு வேறு இடத்தில் படும். தேர்ந்தவர்கள் முன்பக்கக் கட்டையை விரித்த உள்ளங்கையில் சும்மா கிடத்துவார்கள். பிடிக்க மாட்டார்கள், குதிக்க விடுவார்கள். ஒரே மாதிரி குதிக்க விடுவார்கள். மெரினாவில் நாம் செய்வது நேர் எதிர். பெரிய வெடிமருந்து ரைஃபிளின் உதையைத் தாங்கும் ஸ்கோப் என்ற தொலைநோக்குக் குறிக்கருவிகூட இந்த முன்குதிப்பில் உடைந்துபோகும், ஏனென்றால் அது பின்னுதைக்கு மட்டுமே கட்டப்பட்டது. ஸ்பிரிங் துப்பாக்கிக்குத் தனியாகச் செய்த ஸ்கோப் வேண்டும்.

இந்த வகையில் மடக்காத குழல் உள்ளவை ஒரு படி மேல். வைராக் எச்.டபிள்யூ.77, இங்கிலாந்தின் ஏர் ஆர்ம்ஸ் டி.எக்ஸ்.200 போன்றவற்றில் குழல் அசையாது; அடியில் உள்ள நெம்புகோலை இழுத்தால் வில் ஏறும். கனம் அதிகம், நாள் முழுக்கத் தோளில் தூக்க அலுப்பு. ஆனால் கனம்தான் குலுக்கலை விழுங்குகிறது. சுருள்வில்லுக்குப் பதில் அடைத்த வாயுவை வைக்கும் யோசனையை 1980களில் இங்கிலாந்தின் தியோபென் நிறுவனம் பரப்பியது. வில்லைப்போல் அதிர்ந்து ரீங்கரிக்காது, மணிக்கணக்கில் ஏற்றி வைத்தாலும் தளராது; குலுக்கல் மட்டும் இருக்கத்தான் செய்யும்.

குலுக்கலே வேண்டாம் என்பவருக்கு, முன்கூட்டியே காற்று அடைத்த வகை. பழமையானதும் இதுதான், நவீனமானதும் இதுதான். 1780-ஐ ஒட்டி ஆஸ்திரியப் படைக்கு ஜிரண்டோனி என்பவர் வடிவமைத்த ரைஃபிளில் பின்கட்டையே காற்றுக் கலயம். இருபது குண்டு வரை அடுக்கி அடுத்தடுத்துச் சுடலாம். ஆனால் அதை நிரப்பக் கைப்பம்பை 1,500 முறை அடிக்க வேண்டும். 1804-இல் அமெரிக்க மேற்குக்குப் புறப்பட்ட லூயிஸ்–கிளார்க் பயணத்தில் கொண்டுபோய்ப் பழங்குடியினர் முன் சுட்டுக்காட்டிய காற்றுத் துப்பாக்கி இந்த வகை என்றே பலரும் கருதுகிறார்கள். இன்றைய ரைஃபிளில் உருளைக்குள் 200 பார் அழுத்தம் அடைக்கிறார்கள். கார் டயரில் இருப்பதைப்போல் சுமார் 90 மடங்கு. முக்குளிப்பவர்களின் சிலிண்டரிலிருந்தோ கைப்பம்பாலோ நிரப்பலாம். கைப்பம்பு என்றால் சட்டை நனையும். ஈரக்காற்று உள்ளே போய்த் துருவேறும் அபாயமும் உண்டு.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. காற்றை முழுக்க அடைத்தால் முதல் குண்டுதான் வேகமாகப் போகும் என்று நினைப்போம். இல்லை. அழுத்தம் மிகும்போது, குண்டுக்குப் பின்னால் காற்றைத் திறந்துவிடும் வால்வை அதுவே இறுக மூடிப் பிடிக்கிறது. விசையை இழுத்ததும் பாயும் சுத்தியல் அடித்தும் வால்வு கொஞ்ச நேரமே திறக்கிறது. அழுத்தம் இறங்க இறங்க வால்வு சற்று அதிக நேரம் திறந்திருக்கும், குறைந்த அழுத்தத்தை அது ஈடுகட்டும். நடுவில் சில டஜன் குண்டுகள் ஏறத்தாழ ஒரே வேகத்தில் போகும். அதற்கப்புறம் சரிவு. வேட்டைக்குப் போகிறவர் தன் துப்பாக்கியின் இந்த நடுப்பகுதி எந்த அழுத்தத்தில் தொடங்கி எதில் முடிகிறது என்று தெரிந்து வைத்திருக்க வேண்டும். ரெகுலேட்டர் பொருத்திய துப்பாக்கி இந்தத் தலைவலியைத் தானே பார்த்துக்கொள்கிறது. விலையில் அது தெரியும்.

கார்பன் டை ஆக்சைடு குப்பி போடும் துப்பாக்கியை வேட்டைக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அந்த வாயுவின் அழுத்தம் 20 டிகிரியில் 57 பார். 0 டிகிரியில் 35. முயல் வேட்டைக்கு ஏற்ற குளிர்காலக் காலையில் துப்பாக்கிக்கே சளி பிடித்துவிடும்.

அடுத்த கேள்வியில்தான் சண்டையே: 0.177 அங்குலமா, 0.22-ஆ? அதாவது 4.5 மில்லிமீட்டர் குண்டா, 5.5 மில்லிமீட்டர் குண்டா? இறகுக்கு முன்னது, ரோமத்துக்குப் பின்னது என்று இங்கிலாந்தில் ஒரு பழைய வாக்கு உண்டு. பழைய வாக்கை விட்டுவிட்டு, கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆற்றல் இரண்டுக்கும் ஒன்று, சட்டம் அப்படி. 15.6 ஜூல் என்று வைத்தால், 0.55 கிராம் எடையுள்ள சின்னக் குண்டு நொடிக்கு ஏறத்தாழ 238 மீட்டர் வேகத்தில் கிளம்பும். 1.03 கிராம் எடையுள்ள பெரிய குண்டு 174 மீட்டர்தான். மெதுவாகப் போவது அதிக நேரம் காற்றில் இருக்கும். அதிக நேரம் இருந்தால் அதிகம் கீழே விழும். பூமி எடையைப் பார்ப்பதில்லை, நேரத்தைத்தான் பார்க்கிறது.

ஸ்கோப் குழலுக்கு மேலே 4 சென்டிமீட்டரில் இருக்கிறது, இரண்டு துப்பாக்கியையும் 30 மீட்டருக்குச் சரியாகக் குறி அமைத்திருக்கிறோம் என்று வையுங்கள். காற்றின் இழுவையையும் சேர்த்து நான் போட்ட கணக்கு இது. முயல் 30 மீட்டரில் இருப்பதாக நினைத்துச் சுடுகிறோம், உண்மையில் அது 35-இல் உட்கார்ந்திருக்கிறது. 0.177 குண்டு சுமார் ஒன்றரை சென்டிமீட்டர் கீழே படும். 0.22 குண்டு மூன்று சென்டிமீட்டர். 40 மீட்டரில் இருந்தால் முன்னது 4, பின்னது 7. அருகில் 18 மீட்டரில் இருந்தால் எதிர்த் தவறு: முன்னது குறிக்கு மேலே ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை, பின்னது இரண்டரைக்கும் மேல். நாணயத்தின் ஆரம் 13.5 மில்லிமீட்டர். தூரத்தை ஐந்து மீட்டர் தப்பாக மதிப்பிட்டால் சின்னக் குண்டு விளிம்பில் நிற்கும். பெரியது நாணயத்தை விட்டே வெளியே போய்விடும். திறந்த புல்வெளியில் 30-ஐயும் 35-ஐயும் கண்ணால் பிரித்துச் சொல்ல எத்தனை பேரால் முடியும்? அதனால்தான் தூரம் நிச்சயமில்லாத வெளியில் 0.177 எனக்குப் பிடிக்கிறது. லேசர் தூரமானியைச் சட்டைப்பையில் வைத்திருப்பவருக்கு இந்த வாதம் பாதி செல்லாது.

பெரிய குண்டுக்கு நியாயம் இல்லாமல் இல்லை. அது வேகத்தைக் குறைவாக இழக்கிறது. 30 மீட்டரில் சின்னது 10.7 ஜூலோடு போய்ச் சேர்ந்தால் பெரியது 11.9 ஜூலோடு சேர்கிறது. பக்கக்காற்றுக்கும் கொஞ்சம் குறைவாக வளையும். துளை அகலம். குளிரில் விறைத்த விரல்களால் எடுத்துச் செருகவும் எளிது. இதைச் சின்ன விஷயமாக நினைப்பவர் அந்த 4.5 மில்லிமீட்டர் குண்டை இருட்டில் ஒரு முறை புல்லில் தவறவிட்டுப் பார்க்கட்டும். மாட்டுக்கொட்டகையில் 10, 15 மீட்டரில் எலி சுடுபவருக்கு 0.22 நல்ல தேர்வு. தூரம் எப்போதும் ஒன்றே என்பதால் வளைவுக் கவலை இல்லை, மெதுவான குண்டு தகரக் கூரையை அவ்வளவு எளிதில் துளைப்பதும் இல்லை. ஆனால் சிமெண்டுத் தரையில் ஈயக் குண்டு பட்டுத் தெறித்துத் திரும்பி வரும். பின்னால் மண்ணோ வைக்கோல் கட்டோ இல்லாத இடத்தில் விசையில் விரலே வைக்கக் கூடாது. குறி தப்பிய குண்டு சில நூறு மீட்டர் போகும்.

சாம்பல் அணில் ஒரு தனிக்கதை. அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து 1876-இல் செஷயர் மாவட்டத்தின் ஹென்பரி பூங்காவில் அழகுக்காக விட்டார்கள். அது தனக்கு ஒன்றும் செய்யாத ஒரு அம்மை வைரஸைச் சுமந்து திரிந்து, உள்நாட்டுச் சிவப்பு அணிலைக் கொல்கிறது. இளமரங்களின் பட்டையை உரிக்கிறது. மரக்கிளைகளுக்கு இடையே அண்ணாந்து சுட வேண்டியிருப்பதால் அதற்குக் குலுக்கல் இல்லாத, காற்று அடைத்த ரைஃபிளே சௌகரியம். பறவை விஷயத்தில் அங்கும் கட்டுப்பாடு உண்டு. பயிர்ச் சேதத்தைத் தடுக்க மரப்புறாவைச் சுடலாம் என்று அரசு பொது உரிமம் ஒன்றை வெளியிட்டு, அதில் நிபந்தனைகளைப் போட்டிருக்கிறது. ஆசைக்குச் சுட முடியாது.

துப்பாக்கி வாங்கியாயிற்று என்றால் வேலை முடியவில்லை. ஐந்தாறு வகைக் குண்டு டப்பாக்கள் வாங்க வேண்டும். ஒரே நிறுவனத்தின் ஒரே மாதிரி இரண்டு துப்பாக்கிகளில்கூட ஒன்றின் குழலுக்கு ஒரு குண்டு பிடிக்கும், மற்றொன்றுக்கு வேறு குண்டு பிடிக்கும். திருகுவரிகளின் ஆழமும் குண்டுப் பாவாடையின் விரிவும் மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு மாறினாலே போதும். தட்டைத் தலைக் குண்டு காகிதத்தில் வட்டமாகத் துளை போடும், தூரத்தில் தடுமாறும். கூர்முனை பார்க்கத்தான் பயங்கரம். 20 மீட்டருக்கு அப்பால் உருண்டைத் தலைக் குண்டே நம்பகமானது.

காகிதம் மாட்டி, வேட்டையில் எப்படி உட்காருவீர்களோ அப்படியே உட்கார்ந்து சுடுங்கள். மேசையில் மணல்மூட்டை வைத்துச் சுட்டால் துப்பாக்கியின் துல்லியம் தெரியும். உங்கள் துல்லியம் தெரியாது. மூன்று குண்டு ஒரே துளையில் விழுந்ததைக் காட்டிப் பெருமைப்படுபவர்களை நம்ப வேண்டாம். குண்டுகளின் எண்ணிக்கை கூடக்கூடப் பரவலும் கூடும். மூன்றில் அமையும் அதிர்ஷ்டம் பத்தில் அமையாது. பத்துக் குண்டும் நாணயத்துக்குள் விழும் கடைசித் தூரம் எதுவோ அதுதான் உங்கள் எல்லை. பலருக்கு அது 25 மீட்டர். அட்டைப்பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் சரி.

நம் ஊரில் இதையெல்லாம் எதற்குச் சொல்ல வேண்டும் என்று கேட்கலாம். மும்பையில் சிறுவன் ஒருவன் தன் மாமா தந்த ஏர் கன்னால் ஒரு குருவியைச் சுட்டான். அதன் தொண்டையில் மஞ்சள் தீற்றல் இருந்தது. என்ன குருவி என்று தெரியாமல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு எடுத்துப் போனான். அங்கே மில்லார்ட் என்பவர் அலமாரிகளைத் திறந்து, பாடம் செய்து அடுக்கிய பறவைகளைக் காட்டினார். அந்தச் சிறுவன்தான் பின்னாளில் பறவையியலாளரான சாலிம் அலி. அந்தக் காலம் வேறு. 1972-இன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் அனுமதியில்லாமல் காட்டு முயல், காடை, கௌதாரி, கொக்கு, புறா எதைச் சுட்டாலும் குற்றம். அருணாசலப் பிரதேசத்தில் 2021-இல் கிழக்குக் காமெங் மாவட்டத்து லும்டுங் கிராமத்தில் தொடங்கி, ஊர் ஊராக மக்கள் தங்கள் ஏர் கன்களைத் தாமே அரசிடம் ஒப்படைத்தார்கள். ஆயுத விதிகள் 2016-இன்படி 4.5 மில்லிமீட்டருக்கு மேல் துளையோ 20 ஜூலுக்கு மேல் ஆற்றலோ உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டும். அதற்குள் இருப்பதை உரிமமின்றி வாங்கலாம், ஆனால் காகிதத்தையும் தகர டப்பாவையும் பலூனையும் சுடுவதற்குத்தான்.

காகிதம் சுடுவது சிறுபிள்ளை விளையாட்டு என்று எண்ணுபவர்களுக்கு ஒரு தகவல். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பைத் தங்கம் வென்ற 10 மீட்டர் காற்று ரைஃபிள் போட்டியில் இலக்கின் நடுவே இருக்கும் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் அரை மில்லிமீட்டர்.